பீரோவுக்கு நாலு தலைவர்கள்

பீரோ இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே, படிக்கட்டு திரும்பும் இடத்தில், மேலே போகவும் மனசில்லாமல் கீழே வரவும் மனசில்லாமல் மாட்டிக்கொண்டு நின்றது.

மூன்று கதவு வைத்த மர பீரோ. தலையில் கிரீடம் வைத்தாற்போல ஒரு வளைவு, அடியில் நாலு குட்டைக் கால். அந்தக் காலத்து பீரோவுக்கும் இந்தக் காலத்துப் படிக்கட்டுக்கும் ஏழாம் பொருத்தம். மேல்பக்கம் இரண்டு பேர், கீழ்ப்பக்கம் இரண்டு பேர், ஆரஞ்சு பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்ள, தோள் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியின் ஆட்கள். தலைவர் வந்து ஒரு வழி சொல்வார் என்று காத்திருந்தார்கள்.

தலைவருக்குக் கம்பெனியில் 'இடி' என்று பெயர். குரலால் வந்த பெயர். அவர் ஒரு வீட்டு வாசலில் நின்று "தூக்கு" என்றால், ஆட்கள் தூக்குவது இருக்கட்டும், அந்த வீட்டுக்காரரே பதறிப்போய் சோபாவின் ஒரு முனையைத் தூக்கியிருக்கிறார். போன மாதம் ஓர் அம்மா முதலாளிக்கு போன் செய்து, சாமான் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது, என் காதுதான் இன்னும் வந்து சேரவில்லை என்று சொல்லிவிட்டார். முதலாளிக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது.

இடிக்கு முதுகு போய்விட்டது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். போன வருஷம் ஒரு ஃபிரிட்ஜோடு படியிறங்கும்போது போனது. தலையணைக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாரம் தூக்கிப் பிழைக்கும் மனுஷனிடம் இப்படிச் சொன்னால் அவன் என்னதான் செய்வான்? முதலாளி இரக்கப்பட்டு அவரைத் தற்காலிகத் தலைவர் ஆக்கினார். தற்காலிகம் என்பதை அழுத்தித்தான் சொன்னார். வகுப்புக்குப் போய் மனுஷனாகப் பேசக் கற்றுக்கொண்டு வர வேண்டும். அதற்குப் பிறகு வரும் முதல் வேலையில் வாடிக்கையாளர் தன் வாயால் இரண்டு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும், அதை முதலாளி தன் காதால் கேட்க வேண்டும். கேட்டால் பதவி நிரந்தரம். கேட்காவிட்டால் மறுபடியும் தோளில் பாரம், இல்லையென்றால் வீடு.

வீட்டில் மனைவிக்குத் தூக்கம் போயிற்று. பாரம் தூக்கினால் இந்த மனுஷன் படுத்த படுக்கையாகிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். தன் தம்பியைக் கூப்பிட்டாள். அவனும் அதே கம்பெனியில்தான் சாமான் தூக்குகிறான். இப்போது பீரோவின் மேல்பக்கம் நிற்கும் இருவரில் ஒருவன். மாமா என்ன சொன்னாலும் சரி என்று சொல், குறுக்கே பேசி அவர் வாயைக் கிளறாதே, அவர் கை மட்டும் எதையும் தூக்காமல் பார்த்துக்கொள் என்று அவனிடம் சத்தியமே வாங்கிவிட்டாள்.

வகுப்பு ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்தது. பணியிடத்தில் பேசும் கலையும் தலைமைப் பண்பும் என்று வாசலில் பேனர். சுற்றிலும் பேங்க் மேனேஜர்களும் மருந்துக் கம்பெனி அதிகாரிகளும் உட்கார்ந்திருக்க, நடுவில் ஆரஞ்சு பனியனில் இடி. பயிற்சியாளருக்கு வெண்ணெய் போன்ற குரல். நம்பிக்கையை வளர்க்கும் பயிற்சி என்று சொல்லி ஒவ்வொருவரையும் கண்ணை மூடிப் பின்னால் சாயச் சொன்னார். பின்னால் நிற்பவர் தாங்கிப் பிடிக்க வேண்டுமாம். இடிக்கு வாய்த்த பேங்க் மேனேஜர் மனசார நம்பி முழுசாகச் சாய்ந்தார். தலையணை விஷயம் அவருக்கு எப்படித் தெரியும், பாவம்.

இருந்தாலும் இடி ஊன்றிக் கேட்டார். முதலில் கேள், பிறகு பேசு. ஏவாதே, கலந்து பேசு. குறை சொல்லும்போது முன்னால் ஒரு பாராட்டு, பின்னால் ஒரு பாராட்டு வை. எல்லாவற்றையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்துக்கொண்டார்.

கடைசி நாள் சாப்பாட்டு நேரத்தில் முதலாளி போன் செய்தார். பசங்க காலையிலிருந்து ஒரு நர்ஸம்மா வீட்டு வேலையில் இருக்கிறார்கள், பீரோ படிக்கட்டில் மாட்டிக்கொண்டுவிட்டது, நீ நேராக அங்கே போ, கற்றுக்கொண்டதை அங்கே காட்டு என்றார். விலாசம் பின்னாலேயே வந்தது.

இடி போய் இறங்கியபோது கம்பெனி வண்டி வாசலில் பின்கதவைத் திறந்துகொண்டு நின்றது. உள்ளே ஒரு மெத்தை, ஒரு சைக்கிள், துணி காயப்போடும் ஸ்டாண்டு, கொஞ்சம் அட்டைப்பெட்டி. பாதி வண்டி காலி. இன்னும் பாதி வேலை பாக்கி என்று கணக்குப் போட்டுக்கொண்டே படியேறினார்.

இரண்டாம் மாடியில் நின்று நிமிர்ந்து பார்த்தார். பீரோவின் அடிப்பாகம் தெரிந்தது. அதைத் தாங்கியபடி, தாடி வளர்த்து 'தாடி' என்றே பெயராகிவிட்டவரின் முதுகும் டிரைவரின் முதுகும் தெரிந்தன. மேல்பக்கம் இருந்த ஒல்லியும் மைத்துனனும் கண்ணுக்குத் தெரியவில்லை. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பழக்க தோஷம், இடியின் அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் கிளம்பித் தொண்டைவரை வந்தது. அதை மென்று விழுங்கினார். மூச்சை நிதானமாக இழுத்து விட்டார்.

"எல்லாருக்கும் மதிய வணக்கம்."

நாலு பேரும் ஆடிப்போனதில் பீரோ ஒரு விரற்கடை கீழே இறங்கியது. மேலே இருந்த ஒல்லி, யாரோ வெளி ஆள் என்று நினைத்து, இடியண்ணன் இன்னும் வரலைங்க, கொஞ்சம் பொறுங்க என்று குரல் கொடுத்தான்.

நான்தான் வந்திருக்கிறேன் என்று இடி வெண்ணெய்க் குரலில் அறிமுகம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. பிறகு உள்ளங்கையை ஒரு பார்வை பார்த்தார்.

"வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னால, ஒவ்வொருத்தரும் மனசுல என்ன இருக்குன்னு சொல்லுங்க. தாடி, நீ மொதல்ல."

"தோளு கழண்டு வருதுண்ணே."

"உனக்குத் தோளு கழண்டு வர்ற மாதிரி இருக்கு. நான் புரிஞ்சுக்கிட்டது சரியா?"

"அதத்தாண்ணே சொன்னேன்."

"மனசு விட்டுச் சொன்னதுக்கு நன்றி."

அடுத்து டிரைவர். வண்டி ஓட்டத்தான் வந்தேன், தூக்க வந்தவன் நானில்லை என்றார். அதையும் இடி திருப்பிச் சொல்லி, சரியா என்று கேட்டு, நன்றி சொன்னார். ஒல்லி தனக்கு ஒன்றுக்கு வருகிறது என்றான். அதையும் திருப்பிச் சொன்னார். முறை மைத்துனனிடம் போவதற்குள் தாடிக்கு மனநிலை மாறி, இப்போது இரண்டு தோளும் கழன்று வருவதாகச் சொன்னார். பாரத்தைச் சுமந்துகொண்டே மனசைத் திறப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

மைத்துனன்தான் முதலில் விஷயத்துக்கு வந்தான். "இல்ல மாமா, இது முடியாது, ஏன்னா காலு வந்து..." என்று ஆரம்பித்தான்.

இடி கையை உயர்த்தினார். மைத்துனனுக்கு அது தெரியாது என்பதால் வாயாலும் சொன்னார். இல்லை, முடியாது, வேண்டாம், ஆனால், சந்தேகம் என்ற வார்த்தைகளெல்லாம் ஒரு குழுவைக் கறையான் போல அரித்துவிடும். இந்த நிமிஷத்திலிருந்து நமக்குள் அந்த வார்த்தைகளே கிடையாது. எதைச் சொன்னாலும் நல்லபடியாகச் சொல்ல வேண்டும். வகுப்பில் இதைக் கேட்டபோது பேங்க் மேனேஜர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். இங்கே யாருக்கும் கை காலியாக இல்லை.

மைத்துனன் கொஞ்ச நேரம் யோசித்தான். அக்காவிடம் பண்ணின சத்தியம் வேறு.

"மாமா, பீரோவோட காலு கைப்பிடிக் கம்பியில ரொம்ப அருமையா மாட்டியிருக்கு."

"நல்லது. அதையே தொடருவோம். எல்லாரும் சேர்ந்து, ஒரே மூச்சா, தம் பிடிங்க."

பிடித்தார்கள். இன்னொரு காலும் அருமையாக மாட்டிக்கொண்டது.

இதில் ஒல்லியின் தப்பு கொஞ்சம் இருந்தது. அவசரப்பட்டுத் தன் பக்கத்தை உயர்த்திவிட்டான். பழைய இடியாக இருந்தால் அவனுடைய ஏழு தலைமுறையும் படிக்கட்டுக்கு வந்து போயிருக்கும். இப்போது முன்னும் பின்னும் பாராட்டு வைத்தார். ஒல்லி, உன் வேகம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்; இப்போது கொஞ்சம் முந்திவிட்டாய்; உன் பலத்துக்கு ஈடு இல்லை என்றார். ஒல்லி அந்தக் கம்பெனிக்கு வந்ததிலிருந்து யாரும் அவனைப் பாராட்டியதில்லை. முதலும் கடைசியும் அவன் மனசில் நின்றன. நடுவில் இருந்தது நிற்கவில்லை. அடுத்த தடவை இன்னும் வேகமாக, இன்னும் பலமாக உயர்த்தினான். பீரோவின் கிரீடம் சுவரில் இறங்கி, சுண்ணாம்பு தாடியின் தாடியில் கொட்டியது.

இந்த நேரம் பார்த்து மூன்றாம் மாடிப் பல் டாக்டர் தன் பையோடு இறங்க வந்தார். கிளினிக்கில் ஒருத்தர் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறார், மேலேயோ கீழேயோ, இதை எங்கேயாவது எடுத்துத் தொலையுங்கள் என்றார். கீழேயிருந்து மூன்றாம் மாடியின் இன்னொரு வீட்டு அம்மா, பெரிய ஐஸ்கிரீம் டப்பாவோடு ஏறி வந்து இடிக்குப் பின்னால் நின்றார். பிள்ளைக்குப் பிறந்த நாளாம். டப்பாவின் அடியில் ஈரம் தட்டிவிட்டது.

நாலாம் மாடியிலிருந்து வாடிக்கையாளரும் இறங்கி வந்து, பீரோவுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். நைட் டியூட்டி முடித்து வந்த நர்ஸ். கண் இரண்டும் கோவைப்பழம்.

"வீடே தலைகீழாக் கெடக்கு. துணியெல்லாம் தரையில குமிஞ்சிருக்கு. இந்த பீரோ ஒரு வழிக்கு வந்தாத்தான் நான் கண்ண மூட முடியும். ராத்திரி மறுபடி டியூட்டி இருக்குங்க."

கேட்டதும் இடிக்குக் கலக்கமாகிவிட்டது. இரண்டு நல்ல வார்த்தை வர வேண்டிய வாய் இதுதான். நர்ஸம்மா, உங்களுக்குக் களைப்பாக இருக்கிறது, தூங்க வேண்டும் போல இருக்கிறது, நான் புரிந்துகொண்டது சரியா என்று கேட்டார். நர்ஸ் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மேலே போய்விட்டார். கூடவே இறங்கி வந்திருந்த அவருடைய மாமனார் மட்டும் நின்று, ஒரு தண்ணீர் பாட்டிலை ஒல்லியின் காலடியில் வைத்துவிட்டு, நிதானமாகச் செய்யுங்கப்பா என்று சொல்லிப் போனார்.

நிதானம் கையில் இல்லை. இடி மறுபடி உள்ளங்கையைப் பார்த்தார். வியர்வையில் பாதி அழிந்திருந்தது. மிச்சத்தில், நல்ல தலைவன் தன்னைச் சுற்றித் தலைவர்களை உருவாக்குகிறான் என்பது மட்டும் படிக்கும்படியாக இருந்தது. சரி என்று உருவாக்கிவிட்டார். பீரோவுக்கு நாலு மூலை, ஆளும் நாலு பேர். அவரவர் மூலைக்கு அவரவரே தலைவர், அவரவர் மூலைக்கு எது நல்லதோ அதை அவரே முடிவு செய்யலாம் என்று அறிவித்தார்.

மைத்துனன் சாய் என்றான். ஒல்லி தூக்கு என்றான். தாடி பொறு என்றார். டிரைவர், தலைவர் என்ற முறையில், நான் என் மூலையை ஒரு நிமிஷம் கீழே வைக்கிறேன் என்று சொல்லி, வைத்தும்விட்டார். பீரோ அரைவட்டம் அடித்து, குறுக்கே விழுந்து, அதுவரை தெரிந்துகொண்டிருந்த பல் டாக்டரின் முகத்தையும் மறைத்துவிட்டது. நடுக்கதவு தானாகத் திறந்து தாடியின் மண்டையில் ஓர் அடி வைத்தது.

"தலைவருக்கு அடிபட்டிருச்சுண்ணே" என்றார் தாடி. நல்லபடியாகச் சொல்ல வேறு வழி அவருக்குக் கிடைக்கவில்லை.

பல் டாக்டர் பீரோவுக்குப் பின்னாலிருந்து பேசினார். கடைவாய்ப் பல்லை நேராக இழுத்தால் வராது, முன்னும் பின்னும் அசைத்து அசைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஐஸ்கிரீம் அம்மா, அதெல்லாம் வேண்டாம், கைப்பிடிக் கம்பியைக் கழற்றிவிட்டால் சுலபம் என்றார். பழைய இடி என்றால் இருவரையும் வாயை மூடச் சொல்லியிருப்பார். புதிய இடி ஓட்டெடுப்பு நடத்தினார். ஆளுக்கு ஒரு பக்கம் பேச, ஓட்டு சரிபாதியாக நின்றது. அப்படியானால் யார் மனசும் நோகாமல் இரண்டையும் செய்யலாம் என்று முடிவாயிற்று. அசைத்தார்கள். கம்பி தானாகவே கழன்று, ஒரு நீளத்துண்டு கணகணவென்று தரைத்தளம்வரை போய் விழுந்தது. வாட்ச்மேன் அதை எடுத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்து, இது உங்களுக்கு வேணுமா என்று கேட்டார். இடி அவருக்கும் நன்றி சொன்னார்.

ஐஸ்கிரீம் அம்மா இனி தாங்காது என்று டப்பாவைத் திறந்து, எதிரில் நின்றவர்களுக்கெல்லாம் ஒரு கரண்டி ஊட்டிவிட ஆரம்பித்தார். யாருக்கும் கை காலியில்லை அல்லவா. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று அவர் முணுமுணுத்தது யாரைச் சொன்னதோ, இடி அதைத் தன்னைச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார்.

அவருக்கு அப்போதுதான் நிஜமாகப் பயம் வந்தது. முதலாளி முகம் நினைவுக்கு வந்தது. வகுப்புக்கு என்று மனைவி அந்தப் பழைய பனியனைக்கூட விடியற்காலையில் எழுந்து இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அவளிடம் போய் என்னவென்று சொல்வது? பேச்சைத் திருத்திக்கொள்ளப் போனேன், வேலையே போய்விட்டது என்றா? இத்தனை வருஷம் கத்திப் பிழைத்தவனுக்கு இந்த வயசில் எதற்கு இந்த வெண்ணெய்க் குரல்? அவர் பேசாமல் இரண்டு படி ஏறி, தாடிக்கும் டிரைவருக்கும் நடுவில் புகுந்து, பீரோவுக்கு அடியில் தன் தோளைக் கொடுத்தார்.

எந்த இடுக்கு வழியாகப் பார்த்தானோ, மேலேயிருந்து மைத்துனன், "மாமா வேணாம், முதுகு, வேணாம், அக்காகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்" என்று கத்தினான்.

வேண்டாம் என்பதும் தடை செய்த வார்த்தைதான். இடி அதைத் திருத்தவில்லை. தோளை எடுத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் கண் கலங்கியதைத் தாடி பார்த்தார், பார்க்காததுபோல ஐஸ்கிரீம் டப்பா பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. அன்று மதியம் அந்தப் படிக்கட்டில் யாரும் எதுவும் பேசாதது அதுதான் முதல் தடவை.

அந்த அமைதியில் வகுப்பின் கடைசிப் பாடம் இடியின் நினைவுக்கு வந்தது. உள்ளங்கையில் எழுத இடம் போதாமல் விட்டிருந்தார். எல்லாம் கைவிட்டுப் போகும்போது ஒரு தலைவன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: போய்ச் சேர வேண்டிய இடத்தை ஒரே வாக்கியத்தில், எல்லாருக்கும் புரியும்படி சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல்தான் இவ்வளவு நேரம் ஓட்டிவிட்டோம் என்று அவருக்குப் பளிச்சென்று பட்டது. எழுந்து நின்றார். பனியனை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தம்பிகளா, நம்ம இலக்கு ஒண்ணே ஒண்ணுதான். இந்த பீரோ வண்டிக்குப் போகணும்."

தாடியும் டிரைவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலே மூச்சுச் சத்தம்கூட நின்றுவிட்டது.

"வண்டிக்கா மாமா?"

"வண்டிக்குத்தான். ஒரு கீறல் இல்லாம."

மைத்துனன் நெடுநேரம் யோசித்தான்.

"அருமை மாமா" என்றான்.

அதற்குப் பிறகு நடந்ததை இடி ஆயுசுக்கும் மறக்க மாட்டார். கம்பி போன இடத்தில் கால்கள் தாமாகவே விடுபட்டன. கீழ்நோக்கி என்றதும் பீரோவுக்கே ஒரு தெளிவு வந்ததுபோல, கிரீடத்தைத் தாழ்த்திக்கொண்டு திருப்பத்தை விட்டு வழுக்கி வந்தது. நாலு பேரும் வாய் பேசாமல், கண்ஜாடையிலேயே, அவ்வளவு ஒற்றுமையாக இறக்கினார்கள். இடி முன்னால் படியிறங்கிக்கொண்டே, பிரமாதம், அப்படித்தான், உங்களால் முடியும் என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டாம் மாடி, முதல் மாடி, வாசல். வழி திறந்ததும் பல் டாக்டர் ஒரே ஓட்டமாகக் கிளினிக்குக்கு ஓடினார். ஐஸ்கிரீம் அம்மா காலி டப்பாவோடு மேலே போனார்.

வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் தாடி ஒல்லியின் காதில் என்னவோ சொன்னார். ஒல்லி தோளைக் குலுக்கினான். டிரைவர் தலையைச் சொறிந்தார். குழுவுக்குள் நல்ல கருத்துப் பரிமாற்றம் நடக்கிறது என்று இடிக்குப் பெருமையாக இருந்தது. தாடி ஒரு தடவை, "அண்ணே, ஒரு சந்தே..." என்று ஆரம்பித்து, தானே நிறுத்திக்கொண்டு, "ஒரு சந்தோஷம்ணே" என்றார். எனக்கும் சந்தோஷம்தான் தாடி என்றார் இடி.

பீரோவை வண்டிக்குள் ஏற்றி, மெத்தைக்குப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு பக்கமும் போர்வை கொடுத்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார்கள். பீரோவில் ஒரு கீறல்கூட இல்லை. சுவரைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. இடி நாலு பேரையும் வரிசையாக நிறுத்திக் கைகுலுக்கினார். மைத்துனனைக் கட்டிக்கொண்டார். அவன் மட்டும் ஏனோ நெளிந்தான்.

பிறகு முதலாளிக்கு போன் போட்டார். பீரோ வேலை நல்லபடியாக முடிந்தது, ஒரு கீறல் இல்லை, நான் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை என்று சொன்னார். முதலாளியால் நம்ப முடியவில்லை. அவர் குரலே இளகிவிட்டது. நாளையிலிருந்து தலைவர்களுக்கு உண்டான நீலப் பனியனைப் போட்டுக்கொள், வாடிக்கையாளர் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், கூப்பிடு என்றார்.

நர்ஸம்மாவைக் கூப்பிட வாட்ச்மேன் மேலே போனார். அந்தம்மா துணிக் குவியல் மேலேயே படுத்துத் தூங்கிவிட்டாராம். எழுப்ப மனசு வராமல் மாமனார்தான் படியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார். கம்பி இல்லாத இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

இடி போனை ஸ்பீக்கரில் போட்டு, இரண்டு கையாலும் அவர் வாய்க்கு நேரே பிடித்தார்.

"ஐயா, எங்க மொதலாளி லைன்ல இருக்காரு. எங்க வேலையப் பத்தி மனசுல பட்டத ரெண்டு வார்த்தை சொல்லுங்க. அதுலதான் என் பொழப்பு இருக்கு."

பெரியவர் கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டார். இடியைப் பார்த்தார். வரிசையாக நின்ற நாலு பேரைப் பார்த்தார்; நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். வண்டியையும் அதற்குள் கட்டியிருந்த கயிற்றையும் பார்த்தார்.

"தம்பி தங்கமான மனுஷன்ங்க. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசல, எல்லாரையும் கலந்துதான் எதையும் செஞ்சாரு" என்று போனைப் பார்த்துச் சொன்னார். இடிக்கு நெஞ்சு நிறைந்து கண்ணில் நீர் முட்டியது. பெரியவர் இன்னும் முடிக்கவில்லை.

"ஒண்ணுதான் எனக்கு வெளங்கல. பழைய வீட்டுலேர்ந்து காலையில கொண்டாந்த பீரோவ மேல எங்க புது வீட்டுல வைக்காம, எதுக்கு மறுபடி வண்டியில ஏத்திக் கட்டி வச்சிருக்காரு?"